எட்டுக் கிலோ விதை வெங்காயத்தை நான் விற்ற கதை

உத்திரமேரூர் ஒன்றிய மகளிர் அணி நடத்திய வீட்டுத் தோட்டப் பயிற்சிக் கூட்டத்தில், ஒன்றியப் பொறுப்பாளர் சகோதரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரலையில் பார்க்க முடியாத உறவுகளுக்காக இங்கே பகிர்கிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.



பின்னாடி நிற்கிற தம்பிங்க முன்னாடி வந்து உட்காரலாம். மகளிர் அணிக் கூட்டம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா வெங்காயத்தை நாங்க மட்டுமா சாப்பிடுறோம்?

உத்திரமேரூர்ல ஒரு கட்சிக்காரர் மேடை ஏறினா குடவோலையைப் பேசாம இறங்க மாட்டார். நானும் எத்தனையோ தடவை பேசியிருக்கேன். பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, 919-ல் ஒண்ணு, 921-ல் ஒண்ணு, நம்ம வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கு. முப்பது குடும்பு, ஓலையில பேர், அதைக் குடத்துல போட்டுக் குலுக்கி, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஒப்பிக்கும். ஆனா அப்படித் தேர்ந்தெடுத்த ஆளுங்க என்ன வேலை பார்த்தாங்கன்னு நாம என்னைக்காவது பேசியிருக்கோமா? ஏரி வாரியம்னு ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு 6 பேர். தோட்ட வாரியம்னு ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு எத்தனை பேர் தெரியுமா? 12 பேர். இவ்வளவு பெரிய ஏரியை வச்சிருக்கிற ஊர்ல, ஏரிக்கு ஆறு பேரைப் போட்டுட்டுத் தோட்டத்துக்குப் பன்னிரண்டு பேரைப் போட்டிருக்காங்க.

அந்த வாரியத்துல பெண்ணுக்கு இடம் கிடையாது. நிலம் இல்லாதவங்களுக்கும் கிடையாது. பெருமையைச் சொல்லும்போது அதையும் சேர்த்துத்தான் சொல்லணும். இங்க உட்கார்ந்திருக்கிற முக்கால்வாசிப் பேரோட பேர் அந்தக் குடத்துக்குள்ள போயிருக்காது. ஆனா இன்னைக்குக் கொல்லைப்புறத்தைப் பார்த்துக்கிறது யாரு? நாமதான். அதனால இன்னைக்குத் தோட்ட வாரியம் கூடியிருக்குன்னு நினைச்சுக்கிட்டுப் பேசுறேன்.

நான் பேச வந்தது சின்ன வெங்காயம். நாட்டு வெங்காயம், சிவப்பா, கொத்துக் கொத்தா விளையுமே, அது. பெல்லாரியைப் பத்தி இல்லை.

முதல்ல ஒண்ணை ஒத்துக்குவோம். நம்ம பக்கம் வெங்காயச் சீமை கிடையாது. நமக்கு நெல்லு, கரும்பு, வேர்க்கடலை. ஏரித் தண்ணியை நம்பி நிற்கிற பூமி. நம்ம கடையில தொங்குற சின்ன வெங்காயம் பெரம்பலூர்ல இருந்தும் திண்டுக்கல் பக்கத்துல இருந்தும் கோயம்பேடு வந்து, அங்கே இருந்து நம்ம சந்தைக்கு வருது. பெரம்பலூர் மாவட்டத்துல செட்டிக்குளம்னு ஒரு ஊர். அந்த ஊர்ச் சின்ன வெங்காயத்துக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. மனசார வாழ்த்தணும். அந்த ஊர்க்காரங்க தலைமுறை தலைமுறையா விதை வெங்காயத்தைக் காப்பாத்தி வச்சதுக்குக் கிடைச்ச பேர் அது. அந்தப் பக்கம் போனீங்கன்னா வயல் ஓரத்துல 'பட்டறை' போட்டிருப்பாங்க. அடியில கல்லோ கட்டையோ கொடுத்துத் தரையில இருந்து தூக்கி, ரெண்டு பக்கமும் காத்து புகுந்து வர்ற மாதிரி மூங்கில்லயோ குச்சியிலயோ அடைச்சு, மேலே கூரை போட்டு, அதுக்குள்ள வெங்காயத்தைக் கொட்டி வச்சிருப்பாங்க. கரண்ட் இல்லாத குளிர்பதனக் கிடங்குன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அந்தப் பேச்சுப் பிடிக்காது. அது குளிரவே குளிராது, காத்தோடும், அவ்வளவுதான். வெங்காயத்துக்கு வேண்டியதும் காத்துதான். அதைப் பின்னாடி சொல்றேன்.

வெங்காயத்தைப் பேசும்போது அரசியலைப் பேசாம இருக்க முடியாது. 1980 தேர்தல்ல இந்திரா அம்மையார் வெங்காய விலையைத்தான் மேடைக்கு மேடை பேசினார். 1998-ல் டெல்லியில ஆட்சி போனதுக்கு வெங்காயமும் ஒரு காரணம். அன்னையில இருந்து டெல்லியில யார் உட்கார்ந்தாலும் வெங்காயம்னா ஒரு நடுக்கம். அந்த நடுக்கத்துல என்ன பண்றாங்க? 2019 செப்டம்பர்ல ஏற்றுமதித் தடை. 2020 செப்டம்பர்ல திரும்பவும் தடை. 2023 ஆகஸ்ட்ல 40 சதவீத ஏற்றுமதி வரி, டிசம்பர் 8-ல் முழுத் தடை, 2024 மே மாசம்தான் எடுத்தாங்க. தடை போடுறது நாசிக் பெரிய வெங்காயத்தை மனசுல வச்சு. அடி விழுறது நம்ம சின்ன வெங்காயத்துக்கும் சேர்த்து. இதைத் தனியாப் பிரிங்க, இதுக்குத் தனிக் குறியீடு கொடுங்கன்னு நம்ம விவசாயிங்களும் ஏற்றுமதி பண்றவங்களும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 2023-ல் மத்திய அரசு 5 லட்சம் டன் வெங்காயத்தை இருப்பு வைக்க முடிவு பண்ணுச்சு. நல்லது. ஆனா அது பெரிய வெங்காயம். நம்ம வத்தக்குழம்புக்கு யார் இருப்பு வைக்கிறது?

நாமதான் வைக்கணும். இதைச் சொல்ற எனக்கே ஒரு பாவக்கணக்கு இருக்கு. அதைச் சொல்லிட்டுத் தோட்டத்துக்கு வர்றேன்.

நான் கல்யாணமாகி வந்தப்போ எங்க வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு சென்ட் கொல்லை. எங்க அத்தை, அதாவது என் மாமியார், அதுல ஒரு ஓரத்துல வருஷம் தவறாம சின்ன வெங்காயம் வைப்பாங்க. எங்கே இருந்து வந்த வெங்காயம்னு கேட்டா, 'எங்க அம்மா வீட்டுது'ன்னுதான் சொல்வாங்க. அவங்க அம்மாவுக்கு யார் கொடுத்தான்னு அவங்களுக்கும் தெரியாது. நல்ல கருஞ்சிவப்பு, சின்னக் கொட்டை, உரிச்சா கண்ணு எரியும். பழைய சோத்துக்குக் கடிச்சா ஒரு தித்திப்பு வரும். தாழ்வாரத்துல ஒரு மூங்கில் கழி குறுக்கே கட்டி, அதுல பிடி பிடியாத் தொங்கும். யாரும் தொடக்கூடாது. சமையலுக்குத் தீர்ந்து போச்சுன்னாலும் கடைக்குத்தான் போகணும்.

2019 டிசம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரிய வெங்காயம் கிலோ நூறைத் தாண்டிப் போச்சு, சின்ன வெங்காயம் அதுக்கும் மேல. எங்க வீட்டுல வெங்காயம் அதிகம் சேர்க்கிறது இல்லைன்னு நாடாளுமன்றத்துல ஒரு அமைச்சர் சொன்னது அந்த நேரம்தான். நாங்க எல்லாம் கோபப்பட்டோம். நானும் பேசினேன். அப்படிப் பேசிட்டு வீட்டுக்கு வந்தா, கழியில எட்டுக் கிலோ தொங்குது. அத்தை ஒரு வாரம் ஊர்ல இல்லை. கடைக்காரர் வீட்டுக்கே வந்து கிலோ 120-ன்னு எடுத்துக்கிறேன்னார். 960 ரூபா. ஒரு சிலிண்டருக்கும் பொண்ணுக்குச் செருப்புக்கும் ஆச்சு. கொடுத்துட்டேன்.

அத்தை வந்தாங்க. கழியைப் பார்த்தாங்க. கத்தல, திட்டல. "தைக்கு என்னத்தம்மா நடுவ?"ன்னு ஒரே ஒரு கேள்வி. எனக்கு அப்பத்தான் புத்திக்கு எட்டுச்சு.

சின்ன வெங்காயத்தோட சிக்கலே இதுதான், நல்லாக் கேட்டுக்குங்க. கத்திரிக்காய்ல பத்துக் காயைத் தின்னுட்டு ஒரே ஒரு காயை முத்த விட்டாப் போதும், தெருவுக்கே நாத்து விடலாம். வெண்டைக்கு ஒரு காய், சுரைக்கு ஒரு குடுக்கை. சின்ன வெங்காயத்துல தின்கிறதும் விதையும் ஒண்ணு. ஒவ்வொரு விதையும் ஒரு வாய்ச் சோத்துக்குத் தொடுகறி. அதனால வீட்டுல கஷ்டம் வந்தா முதல்ல போறது விதை. விலை ஏறினா போறதும் விதை. அடுத்த பட்டத்துக்கு விதை வாங்கப் போனா அது உச்ச விலையில நிற்கும். ஏழை வீட்டுல நாட்டு ரகம் அழியுறதுக்கு வெளிநாட்டுக்காரன் வரவே வேண்டாம், ஒரு டிசம்பர் மாசம் போதும்.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2001-ல் 'கோ-5'ன்னு ஒரு ரகம் வெளியிட்டுச்சு. அது பூத்து விதை பிடிக்கும், நாத்து விட்டு நடலாம். ஒரு ஹெக்டேருக்கு ஆயிரம் கிலோ விதை வெங்காயம் வேண்டிய இடத்துல ரெண்டரைக் கிலோ விதை போதும். ஏக்கர் கணக்குல பண்றவங்களுக்கு அது பெரிய உதவி, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா விதை போட்டு வர்றது பிள்ளை மாதிரி, கொஞ்சம் மாறும். வெங்காயத்தையே நட்டு வர்றது அதே ஆள். என் கொல்லையில இப்ப இருக்கிறது எங்க அத்தையோட அம்மா நட்ட அதே செடிதான், செத்துப் போகாம நடந்து வந்திருக்கு.

அப்போ வித்துட்டேன்னு சொன்னியே, திரும்ப எப்படி வந்துச்சுன்னு கேட்பீங்க. வர்றேன்.

2020 தை மாசம் சந்தையில வாங்கின வெங்காயத்தை நட்டேன். பாதி மூணு வாரம் ஆகியும் முளைக்கல. ஏன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அறுத்த வெங்காயம் ரெண்டு மாசமாவது தூங்கணும். அதுக்கு முன்னாடி நட்டா ஒண்ணு முளைக்கும், ஒண்ணு முளைக்காது. சந்தையில வர்றது நேத்து அறுத்ததா, மூணு மாசம் பட்டறையில இருந்ததா, நமக்கு எப்படித் தெரியும்? வந்தது வரைக்கும் எடுத்து வச்சேன். வைகாசிக்குள்ள தண்ணி விட்டு அழுகிப் போச்சு. அப்புறம் கொரோனா. அந்தக் கதை வேண்டாம்.

ஒரு வருஷம் கழிச்சுத்தான் அத்தை வாயைத் திறந்தாங்க. சாலவாக்கத்துல என் நாத்தனார் இருக்காங்க. அவங்களுக்குக் கல்யாணத்தப்போ சீரோட சீரா ரெண்டு பிடி விதை வெங்காயமும் கொடுத்து அனுப்பியிருக்காங்க. அங்கே அது உயிரோட இருக்கு. "ஏன் அத்தை ஒரு வருஷமாச் சொல்லல?"ன்னேன். "நீ கேட்டியா?"ன்னாங்க. நான் கேட்கல, உண்மைதான். வெட்கத்துல கேட்கல. நாத்தனார் ஒரு மஞ்சப் பையில ஒண்ணரைக் கிலோ கொண்டுவந்து கொடுத்தாங்க. அத்தை இப்ப இல்லை. வெங்காயம் இருக்கு.

சரி, தோட்டத்துக்கு வருவோம்.

தம்பிங்க சில பேர் செல்லுல காட்டுறாங்க, அக்கா இங்க பாருங்க, வெளிநாட்டுப் பாரம்பரியச் சிவப்பு வெங்காய விதை, ஒரு பாக்கெட் இவ்வளவுன்னு. வாங்காதீங்க. அமெரிக்காவுல வெதர்ஸ்ஃபீல்டுன்னு ஒரு ஊர். அந்த ஊர்ச் சிவப்பு வெங்காயம் ரொம்பப் பேர் போனது. அதை வளர்த்து, சரமாப் பின்னிக் கப்பல் ஏத்தி அனுப்பினதுல பெரும் பங்கு அந்த ஊர்ப் பெண்களுது. கேட்கச் சந்தோஷமா இருக்கு. ஆனா அந்த வகை வெங்காயம் காய் பிடிக்கணும்னா ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரமாவது பகல் வேணும். அங்கே கோடையில அவ்வளவு பகல் இருக்கு. நமக்கு ஆனி மாசத்துலகூட பகல் பதிமூணு மணி நேரம் எட்டாது. இங்கே விதைச்சா தாள் தாளா நிற்குமே தவிர அடியில கொட்டை விழாது. பாரம்பரியம்னு பாக்கெட்டுல எழுதியிருந்தா யாரோட பாரம்பரியம்னு பார்க்கணும்.

பட்டம்தான் நம்ம ஊருக்கு முக்கியம். புத்தகத்துல சித்திரை, வைகாசி, அப்புறம் ஐப்பசின்னு போட்டிருக்கும். ஐப்பசி பெரம்பலூருக்குச் சரி. நம்ம காஞ்சிபுரம், செங்கல்பட்டுக் கடலோர மழைக்கு ஐப்பசியில வெங்காயம் வச்சா, பாத்தியில தண்ணி நின்னு அடித்தாள் அழுகிடும். நானே ஒரு வருஷம் வச்சுப் பார்த்தேன், கார்த்திகையில பாத்தி பக்கம் போனா நாத்தம். நமக்குத் தைதான். பொங்கல் முடிஞ்ச வாரம் நட்டா பங்குனி நடுவுல எடுக்கலாம், அறுபத்தஞ்சு எழுபது நாள்.

மண்ணு களியா இருந்தா மேட்டுப்பாத்தி போடுங்க, ஒரு ஜாண் உசரம். மணல் கலக்கச் சொல்லிப் புத்தகத்துல போட்டிருக்கு. மணல் விக்கிற விலை உங்களுக்கே தெரியும். மக்கின இலைதழையும் நல்லா மக்கின சாணி எருவும் கலந்தாப் போதும், மண் பொலபொலன்னு ஆகிடும். கூட ரெண்டு கை வேப்பம் புண்ணாக்கு, ஒரு முறம் அடுப்புச் சாம்பல். பச்சைச் சாணியைப் போடாதீங்க. ஆறு மணி நேரம் வெயில் படுற இடமா இருக்கணும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னு கம்பெனி வேலைக்குப் போயி வாடகை வீட்டுல இருக்கிற பிள்ளைங்க மாடியில பையில வைக்கலாம். வெங்காயத்துக்கு வேர் ஆழம் கிடையாது, ஒரு ஜாண் மண் போதும்.

விதைக்கு ரொம்பப் பெருசும் வேண்டாம், பொடியும் வேண்டாம், நடுத்தரக் கொட்டை. காய்ஞ்ச வேரையும் உதிர்ற தோலையும் மட்டும் எடுங்க. அடித்தட்டைக் கிள்ளிடாதீங்க. உரிச்சுக்கிட்டே போனா உள்ளே ஒண்ணும் இல்லைங்கிறதுக்குப் பெரியார் 'வெங்காயம்'னு சொல்வார். ஒரு தோட்டக்காரியா மரியாதையோட ஒரு திருத்தம் சொல்லிக்கிறேன். அடியில ஒரு தட்டு இருக்கு, காசு மாதிரி. அதுதான் தண்டு. வேரும் அதுல இருந்துதான், குருத்தும் அதுல இருந்துதான். அது போச்சுன்னா வெங்காயம் போச்சு.

வரிசைக்கு வரிசை ஒரு ஜாண், காய்க்குக் காய் ஆறு விரல். கழுத்து மட்டும் வெளியில தெரியுற மாதிரி அமுக்கி வைங்க, ஆழமாப் புதைக்காதீங்க. பத்துக்கு நாலு அடி பாத்திக்கு முக்கால் கிலோ விதை பிடிக்கும். நாலு கிலோ வந்தா நல்லா வந்திருக்குன்னு அர்த்தம். யூடியூபுல பத்துக் கிலோ, பதினைஞ்சு கிலோன்னு சொல்றவங்களைப் பார்த்து மனசு உடைஞ்சு போகாதீங்க. தண்ணி மூணு நாளைக்கு ஒரு தடவை, மண் காய்ஞ்சா மட்டும். களையைக் கையால எடுங்க, வேர் மேலோட்டமா இருக்கும், கொத்தினா அறுந்திடும். தாள்ல வெள்ளை வெள்ளையாச் சுரண்டின மாதிரி கோடு தெரிஞ்சா இலைப்பேன். வேப்பெண்ணெயில கொஞ்சம் சோப்புக் கரைச்சுச் சாயங்காலம் அடிச்சா அடங்கும். நாப்பது நாளுக்கு மேல எந்த உரமும் வேண்டாம். அக்கம்பக்கத்துல யூரியா கொடுத்து ரெண்டு பிடி போடச் சொல்வாங்க. போட்டா தாள் பச்சைப் பசேல்னு வரும், கொட்டையும் பெருத்துத் தெரியும். ஆனா கழுத்து தடிச்சுப் போயிடும், காயாது. அந்தத் தடிச்ச கழுத்து வழியாத்தான் அழுகல் உள்ள இறங்கும். சேமிக்கிற வெங்காயம் சேமிப்பறையில கெடுறது இல்லை உறவுகளே, பாத்தியிலேயே கெட்டுத்தான் வருது.

அறுவடைக்குப் பத்து நாள் முன்னாடி தண்ணியை நிறுத்திடணும். மனசு கேட்காது, நிறுத்தணும். பாதிக்கு மேல தாள் தானாச் சாஞ்சிருக்கும், அப்ப எடுங்க. மழை வர்ற மாதிரி இருந்தா மட்டும் ரெண்டு நாள் முந்தலாம். எடுத்ததும் தண்ணியில அலசாதீங்க, மண்ணைக் கையால உதிர்த்தாப் போதும். ஒரு வரிசைத் தாள் பக்கத்து வரிசைக் கொட்டையை மூடுற மாதிரி சாய்ச்சுப் பரப்பி, மூணு நாள் அங்கேயே விடுங்க. கொட்டை மேல நேரா வெயில் பட்டா வெந்து போகும், தாளுக்கு வெயில் வேணும். அப்புறம் நிழல்ல ஒரு வாரம், பத்து நாள். கழுத்தைத் தொட்டா காகிதம் மாதிரி சரசரன்னு இருக்கணும்.

விதைக்கு வைக்கிறதைத் தாளோடவே விடுங்க. சமையலுக்கு உள்ளதை ஒரு அங்குலக் கழுத்து விட்டு அறுத்துக்கலாம். யாழ்ப்பாணத்துல நம்ம சொந்தங்க தாளை அறுக்காம பிடி பிடியாக் கட்டித்தான் தொங்க விடுறாங்க. எங்க அத்தை பண்ணினதும் அதேதான். அவங்க யாழ்ப்பாணம் போனது இல்லை, அங்கே இருந்து யாரும் இங்கே வந்து சொல்லிக் கொடுத்ததும் இல்லை. ஒரு பிடிக்கு இருபது, இருபத்தஞ்சு கொட்டைக்கு மேல கட்டாதீங்க, நடுவுல இருக்கிறது வேர்த்துப் போகும். சுவத்துல ஒட்டாம, ஒண்ணோட ஒண்ணு நெருக்காமத் தொங்கணும்.

தோலை உரிச்சு அழகு பார்க்காதீங்க. அந்தச் சிவப்புத் தோல் சும்மா இல்லை. அதுல இருக்கிற சில பொருளுங்க ஒரு வகைப் பூஞ்சையை முளைக்கவே விடாது, வெள்ளை வெங்காயத்துக்கு அந்தக் காவல் இல்லைன்னு அமெரிக்காவுல நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க.

ஃபிரிட்ஜுல வைக்கலாமான்னு கேட்பீங்க. கூடாது. ஈரமும் குளுமையும் சேர்ந்தா வெங்காயம் மழைக்காலம் வந்துடுச்சுன்னு நினைச்சு முளைச்சிடும். நம்ம வீட்டு வெப்பம் 25, 30 டிகிரி, காத்தோட்டம் மட்டும் இருந்தா, அதுக்கு ஒத்துக்கும். அதனாலதான் பட்டறை குளிரல, காத்தோடுதுன்னு சொன்னேன். ஆனா ஒட்டு வீடு, ஓலை வீடு போயி இப்ப எல்லாம் தளம் போட்ட வீடு. சித்திரையில தளத்துக்கு அடியில தொங்க விட்டா வெந்து சுருங்கும். மாடிப்படிக்கு அடியில, வடக்குப் பக்கத் தாழ்வாரத்துல, ஜன்னல் திறந்திருக்கிற இடத்துல கட்டுங்க. அந்தக் காலத்துல விறகடுப்புப் புகை பட்டு ஈரம் காய்ஞ்சிடும். இப்ப கேஸ் அடுப்பு, குக்கர் ஆவிதான் வருது, சமையல்கட்டுல தொங்க விடாதீங்க. பிளாஸ்டிக் பையில கட்டவே கூடாது. தாள் அறுத்ததை மூங்கில் தட்டுலயோ பழைய வலைப்பையிலயோ ரெண்டு அடுக்குக்கு மேல போகாமப் பரப்புங்க. பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை கையால தடவிப் பாருங்க. மெத்துன்னு இருக்கிறது, கருப்புப் பொடி ஒட்டினது, குருத்து விட்டது, எல்லாத்தையும் அன்னைக்கே எடுத்திடணும். ஒண்ணு அழுகினா பிடியே போகும். பத்துக் கிலோ கட்டினா ஏழு கிலோ வந்தா நல்ல வருஷம்னு வச்சுக்குங்க.

எடுத்ததைத் தூக்கிப் போட வேண்டாம். கழுத்து தடிச்சது, அடிபட்டது, இதெல்லாம் நிற்காதுன்னு அறுவடை அன்னைக்கே தெரியும். அதைப் பிரிச்சு வச்சு வடகம் போட்டிடுங்க. இடிச்ச சின்ன வெங்காயம், கொஞ்சம் பூண்டு, உடைச்ச உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சத்தூள், கறிவேப்பிலை, உப்பு. ஒரு ராத்திரி ஊற விட்டு உருண்டை பிடிச்சு வெயில்ல வைங்க. சாயங்காலம் உடைச்சுப் பிசைஞ்சு மறுபடியும் உருட்டணும், கடைசியில விளக்கெண்ணெய் தொட்டு. பத்து நாள் சித்திரை வெயில் போதும், ஒரு வருஷம் நிற்கும். வெங்காயம் 150 வித்தாலும் ஒரு உருண்டையைக் கிள்ளிப் போட்டுத் தாளிச்சா குழம்பு மணக்கும். நம்ம பக்கத்துப் பொம்பளைங்களோட இருப்பு இதுதான்.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். பங்குனியில எடுத்த வெங்காயத்தை அடுத்த தை வரைக்கும் வைக்க முடியுமா? முடியாது. ஒன்பது மாசம், நடுவுல நம்ம ஐப்பசி மழை வேற. எவ்வளவு நல்லாக் கட்டினாலும் நாலு மாசம், அஞ்சு மாசம். நிறையப் பேர் ஒரு வருஷம் வச்சுட்டு, விதை நிற்கலைன்னு விட்டுடுறது இங்கேதான். எங்க அத்தை என்ன பண்ணுவாங்கன்னா, ஆடி மாசம் முதல் வாரம் ஒரு சின்னப் பாத்தி. சாப்பிட இல்லை, விதையைப் புதுப்பிக்க. அது புரட்டாசியில, பெருமழைக்கு முன்னாடி கைக்கு வந்திடும். அங்கே இருந்து தைக்கு மூணு, மூணரை மாசம்தான். பங்குனியில இருந்து ஆடிக்கும் அதே மூணரை மாசம். வருஷத்துக்கு ரெண்டு தடவை மண்ணைக் காட்டணும். ஆடிப் பாத்தியில விளைச்சல் குறைவுதான், சாயங்கால மழையில தாள் திருகிப் போகும், நுனி கருகும். பரவாயில்லை, போட்ட விதைக்கு ரெண்டு மடங்கு வந்தாலும் போதும். கழியில தொங்க விடுறது பாதிச் சேமிப்பு, ஆடியில குனிஞ்சு நடுறது மீதிச் சேமிப்பு. எனக்கு இது புரிய இவ்வளவு வருஷம் ஆச்சு.

நான் அன்னைக்கு வித்த எட்டுக் கிலோ அந்தப் புரட்டாசி வெங்காயம்தான்.

நெல் ஜெயராமன் அண்ணனை உங்களுக்குத் தெரியும். திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்துல நெல் திருவிழா நடத்தி, 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர். 2018 டிசம்பர்ல போய்ச் சேர்ந்துட்டார். அவர் விதையை விக்கல. 2 கிலோ விதையை வாங்கிட்டுப் போற விவசாயி அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பிக் கொடுக்கணும், அவ்வளவுதான். பூட்டி வச்ச விதையை எலி தின்னும், என்னை மாதிரி மருமக வித்துடுவா. நாலு வீட்டுல இருந்தா நாலு வீட்டுலயும் ஒரே வருஷம் கெட்டுப் போகாது. சாலவாக்கத்துல ரெண்டு பிடி இருந்ததாலதான் நான் இன்னைக்கு இந்த மேடையில நிற்கிறேன்.

அதே மாதிரி நாமும் செய்யுறோம். இந்த மேஜை மேல இருக்கிறது நாத்தனார் வீட்டுலயும் எங்க வீட்டுலயும் புரட்டாசியில எடுத்தது, பதினொரு கிலோ. ஒரு வீட்டுக்குக் கால் கிலோ. நாலுக்கு மூணரை அடிப் பாத்திக்குச் சரியா இருக்கும். பணம் வேண்டாம். பங்குனியில எடுத்ததும் அரைக் கிலோ திருப்பிக் கொடுக்கணும். அதுல நடுத்தரக் கொட்டையாப் பொறுக்கி ஆடிக்கு அடுத்த கிராமத்துக்குக் கொடுப்போம். கட்சி வேறுபாடு எல்லாம் பார்க்க மாட்டோம். பக்கத்து வீட்டு அக்கா எந்தக் கட்சிக் கொடி கட்டியிருந்தாலும் கூட்டிட்டு வாங்க. வெங்காயம் அழுகிப் போச்சு, கொடுக்க முடியலன்னாலும் வந்து சொல்லுங்க, வெட்கப்பட்டுக்கிட்டு ஒரு வருஷம் என்னை மாதிரி இருக்காதீங்க, திரும்பத் தருவோம்.

நோட்டுல ஊர்ப் பேரும் உங்க பேரும் எழுதிட்டு வரிசையா வாங்க. பையில போட்டுக் கட்டி எடுத்துட்டுப் போகாதீங்க, முந்தானையிலயோ துணிப் பையிலயோ வாங்கிக்குங்க. வீட்டுக்குப் போனதும் தட்டுல பரப்பி வைங்க. பொங்கல் முடிஞ்சு நடுங்க. தாய்ப் பிள்ளையோட வந்தவங்க முதல்ல வாங்கிக்கட்டும்.



#வீட்டுக்கு_ஒரு_வெங்காயப்பாத்தி #உத்திரமேரூர் #மகளிர்_அணி